பத்து முடிச்சுக் கயிறு

என் பெயரும் விலாசமும் பதிவேட்டில் எழுதிக்கொண்டபடி. வயது நாற்பத்து மூன்று. தொழில் விவசாயக் கூலி, இடையில் மூன்று வருடம் ராணுவம். எழுதப் படிக்கத் தெரியும், வரைபடம் பார்க்கத் தெரியாது. என்னை யாரும் பிடித்து வரவில்லை. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பத்து வயது முதல் அடுத்தவர் நிலத்தில் நாற்று நடுகிறேன். கயிறு பிடித்துத்தான் நடுவோம். இரண்டு முளைக்குச்சிகளுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு நாற்று வைத்து, பிறகு முளைகளை அடுத்த வரிசைக்கு மாற்றுவோம். வரிசை கோணினால் நிலக்காரர் பிடரியில் ஒன்று வைப்பார். அதன் பிறகு கோணாது.

போர் வந்த இரண்டாம் மாதம், களை பறித்துக்கொண்டிருந்த என்னை ஆள் எடுப்பவர்கள் வரப்பிலிருந்தே கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஒரு துப்பாக்கி கொடுத்தார்கள். அடுத்த வாரமே, பற்றாக்குறை மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்குத்தான் என்று தெரிந்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் நான் யாரையும் சுடவில்லை. பதுங்குகுழி வெட்டினேன், கழிவறைக் குழி வெட்டினேன், மற்றக் குழிகளும் வெட்டினேன்.

அதன் பிறகு, மூன்றாம் வருட மழையில், எங்கள் பிரிவுத் தலைவர் அறுபது கண்ணிவெடிகளை ஒப்படைத்து, ஆற்றோர வயலில் புதைக்கச் சொன்னார். அவரை மீசை என்று கூப்பிடுவோம். அவருக்கு மீசை கிடையாது. "வரிசையா வைக்காதே, கோணல்மாணலா வை. எதிரிக்குப் பிடிபடக் கூடாது" என்றார். சரி என்றேன். மழை விடாததால் அவர் கூடாரத்திலேயே இருந்து, கோணல்மாணலாக ஒரு படம் வரைந்து கையெழுத்திட்டார்.

நான் வயலில் இறங்கி, கோணலாக வைக்க மூன்று முறை முயன்றேன். கை கேட்கவில்லை. மூட்டை கட்ட வீட்டிலிருந்து கொண்டுபோன நடவுக் கயிறு இடுப்பில் இருந்தது. அதைப் பிடித்து, முடிச்சுக்கு ஒன்றாக, வரிசைக்குப் பத்தாக, ஆறு வரிசை வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. எதிரி அந்தப் பக்கம் வரவே இல்லை. படத்துக்காக மீசைக்கும் வயலுக்காக எனக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அதன் பிறகு மீசை காய்ச்சலில் இறந்துபோனார்.

பதினோரு வருடமாக அந்த வயலைச் சுற்றி முள்வேலி. நேற்று மாலை சாப்பிடும்போது, வெடி அகற்றும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் மருமகன், "அந்த வயலோட படத்தைக் காட்டுனாங்க மாமா. குடிச்சவன் நடந்து போன மாதிரி இருக்கு. புள்ளி இல்லாத இடத்துல தைரியமா கால் வைக்கலாமாம்" என்றார்.

"உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்குமே, மாப்பிள்ளை?"

"மரப்பெட்டி வெடியாம் மாமா, கருவிக்குத் தெரியாதாம்."

மகள் அவருடைய புதுக் காலணிகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலை வெடி அகற்றும் அலுவலகத்தில் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்று இங்கே அனுப்பினார்கள். ஆய்வாளர், "படத்துல கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. உன் கயித்துல என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். "முடிச்சு இருக்குங்க" என்றேன். கட்டளையை மீறியதற்கு வழக்கு வரும், பதக்கமும் போகும் என்றார். பதக்கத்தை மேசைமேல் வைத்திருக்கிறேன். கயிற்றைச் சான்றுப் பொருளாகக் கேட்டார். கொடுக்கவில்லை. நாளை அது வேண்டும். அன்று மழையில் நனைந்து சுருங்கியிருந்த கயிறு என்பதால், நாளையும் நனைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வாக்குமூலம் நாளை பத்து மணிக்கு மேலிடத்துக்குப் போகும் என்று எழுத்தர் சொன்னார். அந்த வயலில் வெடி அகற்றும் வேலை நாளை காலை எட்டு மணிக்கே தொடங்குகிறது. ஆகவே நான் ஏழரைக்கே உள்ளே போய், மூன்றாம் வரிசைக்கும் நான்காம் வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். நான் இருக்கும்வரை வேலை தொடங்க முடியாது. என்னை வெளியேற்ற வேண்டுமென்றால், படத்தை நம்புகிற அதிகாரி எவரும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாமே நடந்து வரலாம். என் மருமகனை அனுப்ப வேண்டாம்.

எழுத்தர் இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். நான் சொன்னதும் அவர் எழுதியதும் ஒன்றே, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)