புள்ளி ஓரிடம் தள்ளி

எனக்கு மஞ்சள் நிறம் பிடிக்காது, மேடம். ஆனாலும் என் குறிப்புகளில் முக்கியமான வரிகளுக்கு மஞ்சள்தான் போடுவேன். படிக்கிறவர்கள் கண்ணுக்கு அதுதான் பளிச்சென்று படும். அடுத்தவர் வசதியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

எங்கள் நர்சிங் வகுப்பில் குறிப்பெடுக்கும் செயலி இல்லாத போனே கிடையாது. எந்தச் செயலி நல்லது என்று ஆராய்ந்தே பாதிப் பேருக்கு ஒரு பருவம் ஓடிவிடும். தலைப்புக்குப் பக்கத்தில் பூப்படம் வைப்பார்கள். உள்ளே ஒரு வரி இருக்காது. நான் பாடம் நடக்கும்போதே தட்டச்சு செய்து, மாலையில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பார்க்காமல் சொல்லிப் பார்த்து, விட்டுப்போனதை மறுபடி எழுதுவேன். எப்படிப் படிப்பது என்று கல்லூரியில் தனி வகுப்பே எடுத்தார்கள். அதைக் காதில் வாங்கியவள் நான் ஒருத்திதான்.

என் அறைத்தோழிக்கு ஜெராக்ஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, வகுப்பு வைத்தது. "நீ எழுதினா நான் படிச்ச மாதிரிடீ" என்பாள். கட்டிலில் கவிழ்ந்து படுத்து, நான் பகிர்ந்த குறிப்பை ஒரு புரட்டுப் புரட்டுவாள். மதிப்பெண்ணில் எப்போதும் எனக்கு ஒரு படி மேலே. எனக்குப் பொறாமை கிடையாது. வயிறு எரிந்தது, அது வேறு.

இறுதித் தேர்வில் முதலில் வருபவருக்கு இதே மருத்துவமனையில் வேலை. இருந்ததே ஓர் இடம். அப்பா அதற்குள், "பொண்ணுக்கு வேலை கெடச்ச மாதிரிதான்" என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை.

எந்த மருந்தைக் குப்பியிலிருந்து எவ்வளவு ஊசியில் ஏற்ற வேண்டும் என்று ஓர் அட்டவணை வைத்திருந்தேன். ஜெராக்ஸுக்கு மட்டும் தனிப் பிரதி ஒன்று செய்து, அதில் இதய மருந்துக்கான அளவில் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளினேன். மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அந்த வரிக்கும் மஞ்சள் போட்டேன். தேர்வில் ஒரு கேள்வி தப்பாகும், அவ்வளவுதான் என் கணக்கு. தேர்வைத் தள்ளிப்போட்டு எங்களை முதலில் வார்டுக்கு அனுப்பியது கல்லூரி.

வார்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார். எங்கள் எல்லோரையும் மருமகளே என்றுதான் கூப்பிடுவார். "நீ ஊசி போட்டா வலிக்கவே இல்ல மருமகளே" என்று என்னிடம் சொல்வார். நல்ல மனிதர். வேலை தெரிந்தவர்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அபாயமான மருந்தென்றால் ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகே போட வேண்டும். பார்க்க வேண்டிய மூத்த நர்ஸ் அக்கா வேறொரு கட்டிலுக்கு ஓடியிருந்தார். போனைப் பார்த்து ஓட்டுநருக்கான இதய மருந்தை ஊசியில் ஏற்றிய ஜெராக்ஸ் என்னிடம் நீட்டினாள்.

"ஏய், சரியா இருக்கா பாருடீ. கொஞ்சம் அதிகமா தெரியுது."

முதல் தடவையாக அவள் சொந்தமாக யோசித்தாள். நான் ஊசியைப் பார்த்தேன். அவள் போனையும் பார்த்தேன். ஓட்டுநர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நோட்ஸ்ல இருக்கிற மாதிரிதான் இருக்கு" என்றேன். அது பொய்யில்லையே.

"நீ எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போட்டாள்.

இப்போது பக்கத்து அறையில் அழுதுகொண்டிருக்கிறாள். ஓட்டுநரின் மனைவி வெளியே வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. கணவர் இறந்ததை யாராவது அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

ஓட்டுநர் மூச்சுக்குத் திணறியபோது முதலில் என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். என் போனை எடுத்து அந்தப் புள்ளியைப் பழைய இடத்தில் வைத்தேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். திருத்துவதற்கு முன் இருந்த பிரதியையும் செயலி பத்திரமாக வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை; வகுப்புக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். தப்பான குறிப்பை அப்படியே விட்டுவிட்டு நகர எனக்குப் பழக்கமில்லை.

உங்கள் விசாரணை அதிகாரி அதைக் கண்டுபிடித்து, குறிப்பெடுத்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் பேச வந்தேன். தெரிந்தே அவளுக்குத் தப்பாகக் கொடுத்தேன், தெரிந்தே சரி என்றேன், தெரிந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். என் குறிப்பில் தப்பே வராது.