கற்பூரம் ஏற்றிய இரும்பு

ஓடுகிறோம். செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. அம்மாவின் கை என் பிடியில். மணல் காலை இழுக்கிறது. பின்னால் கணேசன் அண்ணனின் குரல்.

“குண்டுடா! எல்லாரும் வெளிய ஓடுங்க! குண்டு!”

வெள்ளிக்கிழமை காலை. மலேசியாவின் லுமுட் கடலோரம். நாங்கள் வேலை பார்க்கும் பழைய ஹோட்டல். குழாய் பதிக்க மண்வாரி இயந்திரம் தோண்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் கணேசன் அண்ணன். கிறீச் என்றொரு சத்தம். மணல் சரிந்தது. எங்கள் முனியாண்டி சாமிக்கு அடியில் இரும்பு வால் தெரிந்தது.

சவுக்கு மரத்தடியில் பாதி புதைந்திருந்த கறுப்பு முனைதான் அந்தச் சாமி. கல் என்றுதான் நினைத்தோம். பீடோர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் மூடியபின் அம்மா இங்கே துணி துவைக்க வந்தாள். வந்த வாரமே மஞ்சள் பூசினாள். பிறகு வாராவாரம் சந்தனம், குங்குமம். சாமியை யார் சுரண்டிப் பார்ப்பார்கள்?

இன்றும் அதன் தலையில் கற்பூரம் ஏற்றியிருந்தாள். எரிகிறது. வாசல் கேட்டிலிருந்து தெரிகிறது.

“ஊதிட்டு வந்திருக்கலாம்லக்கா!” கணேசன் அண்ணன் கத்துகிறார்.

“சாமி கற்பூரத்த வாயால ஊதுவாங்களா? தானா அணையும்லா.”

“அதுக்குள்ள நாம அணைஞ்சிருவோம்!”

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கையை உதறினாள். “நான் ஏத்துனது. நானே போறேன், விடுடா!” இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். முழங்கையால் மார்பில் இடித்தாள். விடவில்லை. சுடர் குறுகியது. நீலமானது. புகை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஹோட்டல் வரவேற்பு முகப்பில் வேலை. வரும் விருந்தினருக்கு ஹோட்டல் வரலாற்றை நான்தான் சொல்வேன். ரப்பர் தோட்டத்துத் துரைகள் கடலில் குளிக்க வந்த இடம். ஜப்பான்காரன் காலத்தில் சிப்பாய்கள் தங்கினார்கள். குண்டுகள் விழுந்தன. வெடித்தவற்றைப் பற்றி மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

மதியம் இராணுவத்தினர் வந்தார்கள். நகர்த்த முடியாது என்றார்கள். எங்களைத் தூரத்துக்கு விரட்டினார்கள். அங்கேயே வெடிக்க வைத்தார்கள். முதலில் நெஞ்சில் அடித்தது. பிறகுதான் காதில். அப்புறம் ஓடுகள் விழும் சத்தம். வெகுநேரம்.

போனவை இவை. கடலைப் பார்த்த வராந்தா. துரைகள் நடந்த மரத்தரை. துணி துவைக்கும் கூடம், அதோடு அம்மாவின் வேலை. சவுக்கு மரம். அம்மா பூசைக்கு வைத்திருந்த பித்தளைத் தட்டு. ஜப்பான்காரன் காலத்தில் விழுந்த குண்டுகளில் இங்கே செத்த கூலிகள் எத்தனை பேர்? யாரும் எண்ணி வைக்கவில்லை. இன்று உயிர் ஒன்றும் போகவில்லை.

அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கணக்கில், ஒரு சாமி.