ஒரு மலைக்கு ஐந்து

ராத்திரி மணி பதினொன்றரை. அம்பாங் மலையில், கிராம்புத் தோட்டங்கள் முடிந்த பிறகு மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை. மழை விட்டிருந்தது. இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன... அந்தப் பாதையில்தான் என் மைத்துனன் யோப்பியும் அவன் கூட்டாளி ஹென்ஜேயும் பறவை வலை பார்க்கப் போனார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். துக்க வீட்டில் சத்தமாகப் பேசக் கூடாது. ரோனி, டோமினோ கட்டையைக் கவிழ்த்து வை. காதில் மாட்டிய துணிக் கிளிப்பைக் கழற்றாதே, தோற்றது தோற்றதுதான்.

அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தார். எந்த மலையில் எந்த உயிர் வாழ்கிறது, அடுத்த மலையில் இருப்பதும் அதே இனமா, எப்போது பிரிந்து வேறானது என்று பார்ப்பவர். அவருக்கு ஒரு விதி உண்டு. ஒரு மலையில், ஓர் இனத்தில், ஐந்து பறவைதான் எடுக்கலாம். ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பார். ஆறாவது விழுந்தால் பறக்கவிட வேண்டும். எடுப்பதையும் வலிக்காமல் கொல்ல வேண்டும். நல்ல மனுஷி. மங்குனி ஆந்தையை மட்டும் வேண்டாம் என்றார்.

"உங்க ஊருக்குச் சகுனம் சொல்ற பறவையாச்சே. விழுந்தா விட்டுடுங்க. அதோட குரலைப் பதிவு பண்ணிக்கிட்டாப் போதும்."

யோப்பி வலை கட்டுவான். ஹென்ஜே தோலுரிப்பான். உள்ளே பஞ்சு அடைப்பான், கண்ணிலும் பஞ்சு. மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைக் குறுக்கே போட்டு நூலால் கட்டுவான். அந்த நூலில் ஒரு சீட்டு. மலை, உயரம், தேதி, எண்.

அன்று சாயங்காலம் மங்குனி கத்தியது. மும்மூன்றாக மூன்று தடவை கத்தினால் நாம் கிளம்பலாம். அது இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டது.

"அண்ணே, இன்னைக்கு வேணாம்ணே. காலையில போவோம்" என்றான் யோப்பி.

"பயமா இருந்தா பாஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குடா. வலையை நான் பாத்துக்கறேன்."

ஏழாவது வலையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி அளவுதான். ஹென்ஜே சிரித்தான்.

"ரெண்டோட நிறுத்தினது நீதானா?"

சின்னப் பறவையின் சிறகுக்கடியில் இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினால் சட்டென்று உயிர் போய்விடும். அவனுக்குத் தெரியும். ஆனால் அழுத்தினான்... விட்டான். மூச்சு வந்ததும் மறுபடி அழுத்தினான்.

"கத்து. மூணாவது தடவை கத்து."

காய்ந்த கிராம்புக் காம்பு ஒடிவது போல ஒரு சத்தம். டிக்... டிக்... அலகோரம் ரத்தம் வந்தது.

"கடவுள் பாக்கறார்ணே. ஒரேயடியா முடிச்சுடுங்க."

"பாக்கட்டும்."

யோப்பியால் அங்கே நிற்க முடியவில்லை. முன்னால் நடந்தான். எட்டாவது வலையில் அதன் ஜோடி. நூல் சிறகில் இறங்கியிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, இருட்டிலேயே ஒவ்வொரு நூலாக எடுத்தான். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு அலகில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. விட்டுவிட்டான்.

"இந்த வலை காலிண்ணே" என்று பொய் சொன்னான்.

மலை மேலே அவர்கள் இருவரும் தங்கிய கூடாரத்துக்கு வந்ததும் ஹென்ஜே ஆந்தையை உரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டினான். எண் ஒன்று. படுத்துவிட்டான்.

இரண்டு மணி இருக்கும். நனைந்த இறகின் வாடை... கூடவே ரத்த வாடை. கூடாரத்துக்கு மேலே மங்குனி கத்தியது. இரண்டு தடவை. நின்றது.

உள்ளே... டிக்.

யோப்பி டார்ச்சை அடித்தான். ஹென்ஜே மல்லாந்து கிடந்தான். அவன் மேல் யாரும் இல்லை. ஆனால் இரண்டு கக்கத்துக்குக் கீழேயும் சதை உள்ளே குழிந்துகொண்டே போனது. டிக். குழி மேலே வந்தது. அவன் மூச்சை இழுத்தான். மறுபடி குழிந்தது. யோப்பி காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பாறை மாதிரி அசையவில்லை. வாயிலிருந்து தெறித்த ரத்தம் தார்ப்பாயில் படபடவென்று விழுந்தது.

"போதும்... விட்டுடு..." என்று யோப்பி கெஞ்சினான்.

விடவில்லை. கடைசி எலும்பு வரைக்கும் விடவில்லை.

டார்ச் அணைந்தது. யோப்பியின் கக்கத்தின் கீழ், இரண்டு பக்கமும், ஜில்லென்று எதுவோ தொட்டது. அழுத்தியது. டிக்... அவனுடைய எலும்பு. ஜெபம் வாயில் வரவில்லை. வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை. அதன் முகம் மட்டும் வந்தது. அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அழுத்தம் நின்றது.

கீழுதட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

விடிந்ததும் அந்த அம்மா மேலே வந்து பார்த்தார். ஹென்ஜே மல்லாந்து, கால்கள் குறுக்கே கட்டப்பட்டு, கண்குழிகளில் வெள்ளைப் பஞ்சோடு கிடந்தான். ஆந்தையைக் காணோம். அவன் கால் நூலில் ஒரு சீட்டு. மலை, உயரம், தேதி. எண் ஒன்று.

யோப்பி இன்றும் இருக்கிறான். ஒரு விலா மட்டும் கோணல். வாசலில் பறவைகளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்காமல் படுக்கமாட்டான். உங்கள் கையில் விழுந்ததற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுங்கள். அதைக் கடவுள் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஹென்ஜேக்குப் பிறகு அந்த மலையில் இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களுக்கு அடுத்து இதோ, உள்ளே படுத்திருக்கும் வெம்மி, ஞாயிற்றுக்கிழமை ஆந்தை சுட ஏர்கன்னோடு போனவன். மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்கிறார்கள். சாயங்காலம் அவனைக் குளிப்பாட்டியது நான்தான். கால்கள் குறுக்கே கட்டியிருந்தன. அவன் அம்மா பார்ப்பதற்குள் நூலை அறுத்து, சீட்டோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ரோனி, நாளைக்கு நீயும் மங்குனி பிடிக்க மேலே போவதாகச் சொன்னாயே... அந்த விளக்கை எடுத்து வா. இந்தச் சீட்டை நீயே படி. மலை, உயரம், தேதி எல்லாம் வேண்டாம்.

கடைசி வரி.

"எண்... நாலு."