அரைச்சாண் பெட்டி

பெஞ்சமின்: ...எத்தன தடவ அளந்தாலும் ஷூ ஷூதான் மொதலாளி. அளவு நாடாவப் பாத்துப் பயந்து அது சுருங்காது.

பாக்கர்: ஒன்னைய ஷூவச் சுருக்கச் சொன்னேனா? பெட்டியச் சுருக்கச் சொன்னேன்.

காலிதா: நல்லாக் கேட்டுக்க பெஞ்சமினு. பாம்பன்ல ஷூக்கடை போட்ட மூளை அது. லேசுல வெளங்காது.

பாக்கர்: ஒன்னைய இங்கன யாரு கூப்பிட்டா?

காலிதா: கூப்பிட எதுக்கு? என் வீட்டு உள்ரூம்ல நிக்கிறேன். நிக்கத்தான் முடியுது, உக்கார எடமில்ல. மூணு செவுத்துலயும் தரையிலேர்ந்து விட்டம் வரைக்கும் ஷூப்பெட்டி. அந்தா, அதுக்குப் பின்னாடி ஒரு சன்னல் இருந்துச்சு பெஞ்சமினு. கடக்காத்து அப்பிடி வரும். நான் கடைசியா அதப் பாத்தப்ப எம் மக மைமூனுக்கு நிக்காஹ்கூட ஆகல.

பெஞ்சமின்: மைமூனு எப்ப வருதுக்கா?

காலிதா: வெள்ளிக்கிழமை. தலைப்பிரசவம். அவ மாமனாரு ஹமீது சுல்தான் தானே கூட்டியாந்து விடுறாராம். "புள்ள படுக்க காத்தோட்டமா எடமிருந்தா விட்டுட்டு வாரேன். இல்லன்னா கையோட திருப்பிக் கூட்டியாந்து நம்ம வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறோம்"னு சொல்லி விட்டிருக்காரு. அவ அங்க கெடந்து அழுகுறா... உம்மாகிட்ட இருந்துதான் பெத்துக்குவேன்னு.

பாக்கர்: அதுக்குத்தானே பெஞ்சமின வரச் சொன்னேன்!

காலிதா: ஆமா. ஊர்ல எல்லாரும் மருத்துவச்சிக்குச் சொல்லி விடுவாக. இவுக மீன்பெட்டி அடிக்கிறவனுக்குச் சொல்லி விட்டிருக்காக.

பெஞ்சமின்: அக்கா, என்னைய ஏன் இதுல இழுக்குறீக...

பாக்கர்: அவ கெடக்கா. நீ செஞ்சு கொண்டாந்த மாதிரியக் காட்டு.

பெஞ்சமின்: இந்தாங்க. சன்னப் பலகை, தூக்குனா தெரியாது. ரெண்டு ஷூவயும் ஒரே பக்கம் பாத்து வச்சா எடம் வீணு மொதலாளி. ஒண்ணோட மூக்கு அங்கிட்டு, இன்னொண்ணோட மூக்கு இங்கிட்டு. குதிகால் தடிமன், மூக்கு ஒடுக்கம். தலைமாத்திப் போட்டா ஒண்ணோட ஒண்ணு பொருந்திக்கும்.

காலிதா: கல்யாண வீட்டுல ஒரே பாயில ரெண்டு பேரு தலைமாத்திப் படுக்குற மாதிரி.

பெஞ்சமின்: அதேதான்க்கா! மீனையும் நாங்க அப்பிடித்தான் அடுக்குவோம், தலையும் வாலுமா. அப்புறம் மூடியப் பாருங்க, ஒரு பள்ளம் எறக்கியிருக்கேன். மேல் பெட்டியோட அடி இதுக்குள்ள வந்து உக்காந்துக்கும். எம்புட்டு அடுக்குனாலும் சரியாது. முன்னாடி ஒரு சின்னக் கதவு...

பாக்கர்: கதவு எதுக்கு?

பெஞ்சமின்: அடியில இருக்குற ஷூ வேணும்னா மேல இருக்குற அம்புட்டையும் எறக்க வேணாமுல்ல? கதவத் தொறந்தோம், உருவுனோம், முடிஞ்சது.

பாக்கர்: கதவு வேணாம்.

பெஞ்சமின்: நல்ல வசதி மொதலாளி...

பாக்கர்: வேணாம்னா வேணாம்! கதவு இருந்தா கண்டவனும் தொறப்பான்.

பெஞ்சமின்: கடைன்னா தொறக்கத்தானே செய்வாக?

பாக்கர்: ஏலே, ஒங்கிட்ட நான் யாவாரம் படிக்கணுமா?

காலிதா: படிச்சிருக்கலாம். இந்த ஊர்ல பாதிப்பேரு முட்டளவு தண்ணியில நிக்கிறான். மீதிப்பேரு ராமேஸ்வரத்துல செருப்பக் கழட்டிப் போடப் போறவன். ரெண்டுக்கும் நடுவுல ரயிலடியில ஷூக்கடை!

பாக்கர்: அடியே, கொழும்புக்குப் போனவன் அம்புட்டுப் பேரும் யாரு கடையில வாங்குனான்? வெறுங்காலோட அங்க போயி எறங்குனா மதிக்க மாட்டான்னு, கடன் வாங்கியாவது ஷூ வாங்குனான்ல?

பெஞ்சமின்: அது வாஸ்தவம்க்கா. எங்க சித்தப்பா சிலுவைமுத்து இங்கனதான் வாங்குனாரு. இந்தக் கடையிலயே காலுல மாட்டிக்கிட்டு, வாத்து மாதிரி நடந்து போயி ரயிலேறுனாரு. சனம் அம்புட்டும் வேடிக்கை பாத்துச்சு.

காலிதா: பெட்டி?

பெஞ்சமின்: பெட்டிய எதுக்குக்கா அவரு தூக்கிட்டுப் போறாரு? இங்கனயே விட்டுட்டுப்...

பாக்கர்: பழங்கதை எதுக்கு இப்ப! வேலையப் பாரு.

காலிதா: பாஸ்போர்ட்டு, விசான்னு சட்டம் வந்துச்சு. போறவனும் நின்னான். முன்கடையில இப்ப தொங்குறது டயர் செருப்பு. அதையும் நாலு பேரு வெல கேட்டுட்டுப் போறான்.

பாக்கர்: சரக்கு இருக்குல்ல? சரக்கு இருந்தா என்னைக்காச்சும் ஆளு வருவான்.

காலிதா: ஆமா ஆமா. சரக்கு இருக்கு.

பாக்கர்: என்ன ஒரு மாதிரி சொல்ற?

காலிதா: ஒண்ணுமில்ல. சரக்கு இருக்குன்னேன்.

பாக்கர்: ...பெஞ்சமினு, இங்க பாரு. எனக்கு வேண்டிய பெட்டி வேற. முன்பக்கம் இந்தப் பழைய பெட்டி அகலமே இருக்கணும். ஒசரமும் இதே. நம்பரு ஒட்டுன சீட்டு அப்பிடியே வெளிய தெரியணும். ஆனா பின்னாடி செவுத்தப் பாத்துப் போகுதுல்ல நீளம்... அது அரைச்சாண் போதும்.

பெஞ்சமின்: என்னது?

பாக்கர்: அரைச்சாண்.

பெஞ்சமின்: மொதலாளி... அரைச்சாண்ல ஷூவோட மூக்கு நிக்கும். குதிகால் எங்கன போகும்? பக்கத்து வீட்டுலயா?

பாக்கர்: நீ பெட்டியச் செய்யி. குதிகால நான் பாத்துக்கிறேன்.

பெஞ்சமின்: எறாலுக்கு அடிச்சிருக்கேன், நண்டுக்கு அடிச்சிருக்கேன், வாளை மீனுக்கு நீளமா அடிச்சிருக்கேன். குதிகால் இல்லாத ஷூவுக்கு இப்பத்தான் கேக்குறாக.

காலிதா: விரலளவு சாளை மீனு நிக்கும்ல அரைச்சாண்ல?

பெஞ்சமின்: தாராளமா நிக்கும்க்கா.

பாக்கர்: ரெண்டு பேரும் சேந்து என்னையக் கேலி பண்றீகளா?

பெஞ்சமின்: கோவிக்காதீக. பழைய பெட்டி ஒண்ண உருவி உள்ளளவு பாத்துக்கிறேன், அப்புறம் ஏதாச்சும் வழி...

பாக்கர்: ஏலே தொடாத!

பெஞ்சமின்: ஏன் மொதலாளி, பாம்பு கெடக்கா?

பாக்கர்: சரிஞ்சிரும்லே! அம்புட்டும் தோல் சரக்கு. மேல விழுந்தா மண்டை பொளந்துரும்.

காலிதா: நெசந்தான் பெஞ்சமினு, பயங்கரக் கனம். போன மாசம் பூனை ஒண்ணு உச்சியிலேர்ந்து குதிச்சு, ஒரு அடுக்கே அது தலையில சரிஞ்சிருச்சு. பாவம்... மீசை கலைஞ்சு போச்சு அதுக்கு.

பாக்கர்: ...எந்தப் பூனை?

காலிதா: மீசை வச்ச பூனை.

பெஞ்சமின்: நான் வேணா வெளிய போயி ஒரு பீடி பத்த வச்சுட்டு...

பாக்கர்: நில்லுலே. நீ ஏன் அப்பிடிப் பாக்குற?

பெஞ்சமின்: நான் ஒண்ணும் பாக்கலயே. வந்தவொடனே ஒரு தும்மல் போட்டேன்ல... அப்ப மேல் அடுக்கு ஆடுச்சு. தோல் சரக்கு தும்மலுக்கு ஆடாதேன்னு ஒரு சந்தேகம். அம்புட்டுத்தான்.

காலிதா: சொல்லுங்க. பூனைக்கே தெரிஞ்சு போச்சு. இவன்கிட்ட என்ன?

பாக்கர்: காலி! எல்லாம் காலிப் பெட்டி. போதுமா? மைக்கு வச்சு ஊருக்கெல்லாம் சொல்லு!

பெஞ்சமின்: அந்தோணியார் மேல சத்தியமா நான் யாருகிட்டயும்...

பாக்கர்: ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும் காலிதா?

காலிதா: பெருக்குறவளுக்குத் தெரியாத கனமா? வெளக்குமாத்துக் கட்டை பட்டாலே ஒரு அடுக்கு ஒதுங்கி வழிவிடுது. தோல் சரக்குக்கு அம்புட்டு மரியாதை ஏது?

பாக்கர்: தெரிஞ்சும் ஏன் சொல்லல?

காலிதா: தெரிஞ்சும் நீக ஏன் சொல்லல?

பாக்கர்: எப்பிடிச் சொல்ல? ஹமீது சுல்தான் பொண்ணு பாக்க வந்தாருல்ல... மைமூன நிமிந்து பாத்தாரா? இந்தச் செவுத்தத்தான் பாத்தாரு. "இம்புட்டுச் சரக்கு வச்சிருக்குறவரு வீட்டுல எடுக்காம வேற எங்க பொண்ணெடுக்க"ன்னாரு. பெட்டியப் பாத்து எடுத்த பொண்ணு அவ. இப்ப வந்து பாத்துட்டு, பெட்டி எங்கன்னு கேட்டா? பாக்கர் ஏமாத்திட்டான்னு அவளத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாரு. பெட்டி இருந்தாலோ எடமில்லன்னு கூட்டிட்டுப் போயிருவாரு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல புள்ள...

காலிதா: அதான் அரைச்சாணா?

பாக்கர்: முன்னாடி நின்னு பாத்தா சரக்கு. பின்னாடி பாத்தா எடம். கட்டிலும் போடலாம்.

காலிதா: அரைச்சாண்ல மானம், மிச்சத்துல பிரசவம். நல்ல ஏற்பாடு.

பெஞ்சமின்: மொதலாளி, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீகளே?

பாக்கர்: இனிமே கோவிச்சு என்ன ஆகப் போகுது... கேளு.

பெஞ்சமின்: எங்க மீன் கொட்டகையில பெட்டிக நெறைய அடுக்கிக் கெடந்தா, "பாவம், இன்னைக்கு யாவாரம் போகல போல"ன்னு சொல்வாக. ஒரு பெட்டிகூட இல்லன்னா, "அடேயப்பா, அம்புட்டும் ரயிலேறிருச்சு"ன்னு வயித்தெரிச்சல் படுவாக. ஷூவுக்கு மட்டும் வேற கணக்கா?

பாக்கர்: ...என்ன சொல்ற?

பெஞ்சமின்: பெட்டி எங்கன்னு கேட்டா, எல்லாம் வித்துப் போச்சுன்னு சொல்லுங்க. பொய்யா அது? ஷூவக் காலுல மாட்டிக்கிட்டு பெட்டிய இங்கன விட்டுட்டுப் போனாக, வித்துத்தானே போச்சு!

காலிதா: மூச்சு விடுங்க.

பாக்கர்: யா அல்லாஹ்...

காலிதா: சரக்கு விக்கலன்னா வித்துருச்சுன்னு பொய் சொல்ற யாவாரி உண்டு. வித்த சரக்க விக்காத மாதிரி அடுக்கி வச்சு, அதுக்குக் காவலும் காத்தவரு இந்தக் கடற்கரையில ஒங்க ஒருத்தரத் தவிர யாரு?

பாக்கர்: எனக்கு ஏன் இது தோணாமப் போச்சு?

காலிதா: தோணுறதுக்கும் உள்ள எடம் வேணும்ல? அங்கனயும் பெட்டி அடுக்கியிருப்பீக.

பெஞ்சமின்: அட்டைப் பெட்டிதானே அக்கா? நாலு மூலையக் கீறி விட்டா தட்டையா மடிஞ்சிரும். இதவிட எடம் அடைக்காத பெட்டிய எந்த ஆசாரியும் செய்ய முடியாது.

காலிதா: மடிச்சு வை. மைமூனு பாய்க்கு அடியில பரப்பி விடுறேன். தரை ஈரம் ஏறாது. ஷூவத்தான் சொமக்கல, பேரப்புள்ளயவாச்சும் சொமக்கட்டும்.

பெஞ்சமின்: அப்ப அந்த அரைச்சாண்...

காலிதா: சாளை மீனுக்கு வச்சுக்க.

பாக்கர்: இரு இரு. பிரிக்கிறது எல்லாம் அவ வர்றதுக்கு முன்னாடி முடியணும். சம்பந்திய நான் சமாளிச்சுக்குவேன். ஆனா மைமூனு காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. காலிப் பெட்டியக் காட்டித்தான் வாப்பா நம்மளக் கட்டிக் குடுத்தாருன்னு தெரிஞ்சா... அந்தப் புள்ள மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க.

பெஞ்சமின்: எம்மேல நம்பிக்கை இல்லையா மொதலாளி? சத்தியம்.

பாக்கர்: நீ?

காலிதா: மொத வேலையப் பாருங்க. பெஞ்சமினு, மேலேர்ந்து எறக்கு.

பெஞ்சமின்: இந்தா... பஞ்சு மாதிரி வருது. பிடிங்க மொதலாளி... இன்னொண்ணு... பூனை செஞ்ச புண்ணியம், உசுரோட போச்சு... இந்தா இடுப்பு ஒசர வரிசை... ஆத்தாடி!

பாக்கர்: என்னலே?

பெஞ்சமின்: இது கனக்குது மொதலாளி! பக்கத்துப் பெட்டியும் கனக்குது. இந்த ஒரு வரிசை மட்டும் நெசமாவே சரக்கு!

பாக்கர்: போடா... அங்க ஒண்ணுமே கெடையாதே... இரு. அன்னைக்கு ஹமீது சுல்தான் அந்த வரிசையிலதான் கைய வச்சாரு. ஒரு பெட்டிய உருவி, கையில தூக்கிப் பாத்தாரு. எனக்கு உசுரே போச்சு. "நல்ல கனம்"னு சொல்லித் திருப்பி வச்சாரு. நான் அல்லா காப்பாத்துனான்னுதான் இன்னைக்கு வரைக்கும் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். தொறந்து பாரு!

பெஞ்சமின்: ...மணலு.

பாக்கர்: என்னது?

பெஞ்சமின்: கடக்கரை மணலு மொதலாளி. துணியில முடிஞ்சு வச்சிருக்கு. ஷூ மாதிரியே... சோடி சோடியா.

பாக்கர்: காலிதா... நீயா?

காலிதா: எனக்கு அம்புட்டு மூளை இருந்தா ஒங்களுக்கு வாக்கப்பட்டிருப்பேனா? துணியப் பாருங்க. யாரு தாவணின்னு தெரியல? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு விடியக்காலம், மருதாணி காயாத கையோட கடக்கரைக்கு ஓடி மண்ணள்ளிட்டு வந்தா. "வர்றவுக தூக்கிப் பாத்துட்டா வாப்பா தலை குனிஞ்சிருவாரு உம்மா"ன்னா. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியமும் வாங்கிட்டா. அத இன்னைக்கு ஒடச்சுட்டேன்... வெள்ளிக்கிழமை அவ வாசல்ல வந்து நிக்கிறப்ப, ஒண்ணும் தெரியாத மாதிரியே நில்லுங்க. அது ஒங்களுக்கு நல்லா வரும்.