விரலுக்குள் போன ஆயில்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பசுவந்தனையிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் பட்டறைகளை அடைத்துவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் தங்கை சீனித்தாயே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத் தலைவர் என்ற முறையில் நமது செயலாளர் ‘சிலிண்டர்’ காளீஸ்வரனுக்கு நான் இரங்கல் உரை ஆற்ற வேண்டுமாம். எப்படி ஆற்றுவேன்? என்னைவிட இளையவன்! அவன் பேச, நான் படத்தில் மாலையோடு இருந்திருக்க வேண்டிய கூட்டம் இது!

பருத்தி ஏற்றிய டிப்பர் தொட்டியைத் தூக்கியபடியே நடுக்காட்டில் நின்றால் யாரைக் கூப்பிட்டோம்? காளீஸ்வரனை. ஆலையில் பஞ்சை அழுத்தும் பிரஸ் சிலிண்டர் ஒழுகினால்? காளீஸ்வரனைத்தான். மழையில் நாகலாபுரம் கரிசலுக்குள் வண்டி போகாத நாளில், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்களை வேட்டியில் முடிந்துகொண்டு முழங்கால் சேற்றில் நடந்து போனவன். போய்ச் சேர்ந்ததும், “மொதல்ல டீ இருக்கா?” என்றானாம்.

தீப்பெட்டி ஆலை பூவனநாதன் அண்ணாச்சி, மகள் கல்யாணத்துக்காக மேல்கூரை மடங்கும் பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. துணிக்கூரையை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் சிலிண்டர்கள் ஒழுகி, கூரை பாதியில் நின்றுவிட்டது. காளீஸ்வரன் சிலிண்டர்களைக் கழற்றி, சீல் மாற்றிப் பூட்டினான். சுவிட்சைப் போட்டதும் கூரை எழும்பியது. கைதட்டினோம். ஆனால் ஆயில் போகும் ரப்பர் குழாய், ஒரு ஹோஸில் மட்டும் ஈரம். நாமெல்லாம் செய்வதைத்தான் அவனும் செய்தான்: பம்பு ஓடும்போதே ஹோஸில் விரலை ஓட்டிப் பார்த்தான்.

“சுருக்குன்னுச்சு அண்ணாச்சி. முள்ளு குத்துனாப்ல. வேற ஒண்ணுமில்ல” என்றான் என்னிடம்.

சீமைக்கருவேல முள்ளைத் தினமும் பிடுங்கி எறிகிற ஊர் இது. முள் குத்தியதற்கு எவன் ஆஸ்பத்திரிக்குப் போவான்? அந்த நினைப்புதான் நம்மைக் கெடுத்தது! அழுத்தத்தில் பீறிட்ட ஆயில் தோலைத் துளைத்து விரலுக்குள் போய்விட்டது. அவன் கையைத் துடைத்தான், ஹோஸை மாற்றினான், ஊர்வலத்தோடு நடந்தும் போனான். விடிந்தபோது கை வீங்கிக் கறுத்திருந்தது.

“உடனே வந்து ஆயில் என்று சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்” என்றார் திருநெல்வேலி டாக்டர். விரலை எடுத்தார்கள். பிறகு கையை எடுத்தார்கள். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அவன் மனைவி சீனித்தாய் என்னிடம் கேட்கிறாள்: “அவிய வெரல்ல ஒரு பொட்டு ரத்தங்கூட வரலியே அண்ணாச்சி! நான் எதப் பாத்துக் கூட்டிட்டுப் போவேன்?”

தோழர்களே, உறுதி எடுப்போம். ஓடுகிற ஹோஸில் இனி விரல் வைக்க மாட்டோம். அட்டைத் துண்டை நீட்டி, அதில் ஆயில் தெறிக்கிறதா என்று பார்ப்போம். சுருக்கென்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போவோம். எல்லோரும் கையை உயர்த்துங்கள்!

ஏலே உக்கிரபாண்டி, கைய எறக்காத. வெரல்ல என்னலே துணி?

“காலையில டிப்பர் ஹோஸத் தொட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. வலியே இல்ல. கூட்டம் முடியட்டும், போறேன்.”

அடப்பாவி! இவ்வளவு நேரம் நான் யாருக்குப் பேசினேன்? யாராவது வண்டியை எடுங்கள்! நாற்காலிகளை ஒதுக்குங்கள், வழி விடுங்கள்! ஏலே, டாக்டர்ட்ட முள்ளுன்னு சொல்லாத, ஆயிலுன்னு சொல்லு! மௌன அஞ்சலியை நாளைக்குச் செலுத்தலாம், காளீஸ்வரன் கோவிக்க மாட்டான். ஓடுங்கள்!