துணிக்குப் பின்னால் ரெண்டு ஸ்பீக்கர்

"ஸ்பீக்கர் செய்ய ஒரு ஆள் போதுங்க. கேட்டுப் பாக்கத்தான் ரெண்டு பேரு வேணும்."

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர். மடியில் பிளைவுட்டில் அவரே செய்த ஸ்பீக்கர் பெட்டி. அவருடைய பக்கத்து சீட்டுக்காரர் விடவில்லை.

"காது ஒங்களுதுதானே? எதுக்கு இன்னொரு ஆளு?"

"பழசு, புதுசு ரெண்டையும் துணி போட்டு மறைச்சிடணும். எது பாடுதுன்னு தெரியாம கேட்டாத்தான் காது நெசத்தைச் சொல்லும். நானே ஒயரை மாத்துனா, புதுசுதான் நல்லாருக்குன்னு தோணிடும். எங்க வூட்டுல அவதான் மாத்துவா. எதுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டா."

"அப்ப இதையும் அவங்கதான் மாத்திக் காட்டுனாங்களா?"

"இல்லீங்க. இது அவ தவறுனப்புறம் செஞ்சது. இன்னும் கேட்டே பாக்கல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்.

"நானும் பெரம்பலூர்தாங்க. வந்து மாத்தித் தரட்டுமா?"

அவர் பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"வேணாங்க. இதுக்கு முன்னாடி செஞ்ச பெட்டியக் கேக்க, கடைசியா அவ மாத்தி வெச்ச ஒயரு வூட்டுல அப்படியே இருக்கு. தெனம் சாயந்தரம் அதுலதான் பாட்டுக் கேக்குறேன். பழசா புதுசான்னு இன்னும் துணியத் தூக்கிப் பாக்கல."