தோட்டத்து ஊட்டுக்குத் தண்ணி வரலீங்க

"ஹலோ... ஹலோ, அங்கப்பண்ணனுங்களா? ... நாந்தானுங்க, சண்முகப்பிரியா. ... ஆமாங்க, ஆமாங்க, நேத்தே வந்துட்டமுங்க. ... அதக் கேக்கத்தானுங்க கூப்பிட்டேன். காத்தாலயிருந்து சொட்டுத் தண்ணி வரலீங்க."

கோயமுத்தூரில் கொரோனா இரண்டாவது முறை ஆளை அள்ளிக்கொண்டிருந்த மே மாதம். அபார்ட்மெண்டில் எதிர்வீட்டுக்காரர் செத்துப்போன மறுநாளே, பிரியா கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் தாண்டி மலையடியில் இருந்த தோட்டத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். லீவுக்கு மட்டும் வருகிற வீடு. இந்த முறை ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடையில் பால் இல்லையென்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அடுத்த ஆளுக்கு ஊற்றினார்கள். அந்த எரிச்சலெல்லாம் வார்டு மெம்பர் அங்கப்பன் மேல் இறங்கியது.

"டெஸ்ட் எடுத்துப்போட்டுத்தானுங்க வந்தோம். ... ஊர்க்கட்டுப்பாடுங்களா? எங்களுக்கு எடத்த விக்கறப்ப இதச் சொல்லலீங்களே. ... மெரட்டலீங்க, கலெக்டர் ஆபீசுல எங்களுக்கும் ஆளிருக்குதுன்னு சொல்றேன், அவ்வளவுதான். ... அந்த வேலுமணி எங்கீங்க? வந்து வால்வத் தொறந்து உடச் சொல்லுங்க. ஊட்டப் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டு, போனக்கூட எடுக்கறதில்ல..."

பேச்சு பாதியில் நின்றது.

"என்னுங்க? ... வேலுமணி எறந்துட்டாருங்களா? ... எப்பங்க?"

போன மாதம் சித்திரைக்கனிப் பண்டிகைக்கு அவளுடைய அண்ணன் குடும்பம் இங்கே வந்து தங்கியபோது, கோழி பிடித்துக் கொடுத்ததும் எச்சில் பாத்திரம் கழுவியதும் வேலுமணிதான். ஊர் திரும்பியதும் அண்ணனுக்குக் காய்ச்சல். டெஸ்டில் கொரோனா என்று வந்தது. வேலுமணிக்குச் சொல்ல நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அப்புறம் மறந்தே போனாள்.

"எங்கண்ணனாலதான்னு எப்புடீங்க சொல்றீங்க? ஊரெல்லாந்தான் வருது. ... அது வந்துங்க... ஆமாங்க. இருந்துதுங்க. ... தெரியுமுங்க. தெரியும்னுதானுங்க சொல்றேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தாதது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"அதுக்காகக் கொழந்த இருக்கற ஊட்டுத் தண்ணிய அடைப்பீங்களா? அடைச்சது யாருன்னு பேரச் சொல்லுங்க, போலீசுல எழுதிக் குடுக்கறேன். ... யாரு? ... மாசாணியா?"

மாசாணியம்மாள் வேலுமணியின் மனைவி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிற பஞ்சாயத்து வேலை அவளுடையது.

"பக்கத்துலயா இருக்குது? ... இல்லீங்க, நானே பேசறேன். குடுங்க."

போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

"அக்கா... நான் பிரியாங்க. ... அக்கா?"

மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பிரியாவும் பதிலுக்குப் பேசியிருப்பாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"சொல்லியிருக்கோணுங்க. நான் சொல்லியிருக்கோணும். ... கேக்குதுங்களா? ... நாங்க இப்பவே கெளம்பிப் போயர்றமுங்க. இனி இந்தப் பக்கமே வரமாட்டமுங்க. ... பாப்பாவுக்கு மட்டும்... வழியில ஒரு கடையும் தொறந்திருக்காதுங்க. குடிக்க ஒரு சொம்புத் தண்ணி மட்டும் உட்டீங்கன்னா..."

மூச்சுச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. கட்டாகிப்போன போனிடம்தான் அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.